நேரும் நிரையும்

அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தனர் பழந்தமிழ் உரையாசிரியர். இவற்றுள் பின்னைய மூன்றும் ஓரினம். எடையும் கொள்ளளவும் நீளமும் இடையறாது ஓடுவன. ஒரு படிக்கும் இரு படிக்கும் நடுவே அரைப்படியும் காற்படியும் அவற்றினும் நுண்ணியவும் உண்டு. எண்ணல் மட்டுமே வேறினம். மூன்று மரத்திற்கும் நான்கு மரத்திற்கும் நடுவே மரம் ஏதும் இல்லை. மலாக்காத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த மக்களுக்கு இவ்வேறுபாட்டை ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை வணிகத்திற்காக நட்ட நாள்தொட்டு அம்மாநிலத்தில் மரம் எண்ணப்பட்டது, பால் அளக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டில் ஆள் எண்ணப்பட்டது. நண்பகலில் பால் கொட்டகையில் வாளி நிறுக்கப்பட்டது.

அளக்கப்படுவனவற்றின் கணிதம் நுண்கணிதமாக வளர்ந்தது. எண்ணப்படுவனவற்றின் கணிதம் தனிநிலைக் கணிதம் எனப்படுகின்றது. தருக்கம், கணம், உறவு, எண்ணும் முறைகள், தொகுத்தறிதல், கோட்டுரு ஆகியன அதன் உறுப்புகள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்று கூறுவதனை இலங்கைப் பாடநூல்கள் தொடை என்கின்றன. மோனையும் எதுகையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இப்பெயர் இனிதாகவே இருக்கும். கணினி என்னும் பொறி உள்ளது, இல்லது என்னும் இரண்டே நிலைகளில் இயங்குவதால், 1980களில் கணினியியல் தனித்துறையாகத் தழைத்தபோது இக்கணிதமும் பட்டப் படிப்பின் முதலாண்டுப் பாடமாக நிலைபெற்றது.

மலாக்காவில் இப்பாடம் கற்பிக்கப்படும் இடங்கள் தோட்டங்களுக்குத் தொலைவில் இல்லை. 1996இல் டெலிகோம் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்ப் பெயர் மாறிய பல்லூடகப் பல்கலைக்கழகம் ஆயர் குரோவில் உள்ளது. 2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் முழுமை பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்காலில் உள்ளது. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களிலிருந்து இவ்விரண்டிற்கும் பேருந்திலோ மோட்டார்ச் சைக்கிளிலோ சென்று திரும்பலாம். ஆயினும் வழித்தொலைவு வேறு, பாடத்தின் தொலைவு வேறு.

கணிதத்தில் வல்லவர் எனப் பள்ளியில் பெயரெடுத்தோரே இப்பாடத்தில் முதலில் தடுமாறுகின்றனர். பெருக்கலும் வகுத்தலும் தொகையீடும் பிழையின்றிச் செய்து பழகியவர்க்கு இங்கே செய்வதற்குக் கணக்கு ஒன்றும் இராது. ‘மெய்யெனக் காட்டுக’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவே. விடை முன்னரே தெரியும். அது ஏன் விடையாயிற்று என்பதனை வாக்கியங்களால் எழுத வேண்டும். எண்ணைக் கற்றவர் எழுத்தைத் தேடி நிற்கும் இடம் அது.

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலாக்காவில் கணினியியல் பட்டப் படிப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தியின் நிலையும் அதுவே. அவளுடைய பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குடும்பம் நகரத்தை ஒட்டிய தாமான் ஒன்றிற்குக் குடிபெயர்ந்தது. குடும்பத்தில் பல்கலைக்கழகம் புகுந்த முதற்பிள்ளை அவள். பெருந்தொற்றுக் காலமாதலால் விரிவுரை கணினித் திரையில் வந்தது. படிப்பு வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. எஸ்டிபிஎம் தேர்வில் கணிதத்தில் சிறந்த தேர்ச்சி பெற்றிருந்த அவள் தனிநிலைக் கணிதத்தின் முதற் சோதனையில் நூற்றுக்கு 38 வாங்கினாள். உதவித்தொகை நீடிப்பதற்குத் தேர்ச்சிப் புள்ளி ஒன்று வரையறுக்கப்பட்டிருந்தது. அப்புள்ளிக்குக் கீழே இறங்கினால் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியதுதான் என்று அவள் கணக்கிட்டு வைத்திருந்தாள். அக்கணக்கில் பிழை இல்லை.

சோதனையில் ஒரு வினா இது: ‘இவ்வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தேர்ச்சி பெற்றார்’ என்பதன் மறுப்பை எழுதுக. அவள் ‘ஒரு மாணவரும் தேர்ச்சி பெறவில்லை’ என்று எழுதினாள். சரியான மறுப்பு ‘ஒரு மாணவராவது தேர்ச்சி பெறவில்லை’ என்பது. நாற்பது பேருள் ஒருவர் தவறினாலும் முதற்கூற்று பொய்த்துவிடும். நாற்பது பேரும் தவற வேண்டியதில்லை.

இப்பிழைக்கு மொழியைக் குறை கூறுவோர் உளர். அவள் 2007இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டுமென்று 2003இல் வந்த திட்டம் அப்போது தமிழ்ப்பள்ளிகளிலும் நடப்பில் இருந்தது. 2012 முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. தமிழும் ஆங்கிலமும் கலந்து தொடங்கிய கணிதம் இடைநிலைப் பள்ளியில் மலாயைச் சார்ந்து, பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆங்கிலமாயிற்று. மும்மொழி கடந்து வந்தும் அவள் எண்களை இழக்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு எம்மொழியிலும் ஐம்பத்தாறுதான். இழந்தவை ‘ஒவ்வொரு’, ‘ஒன்றாவது’, ‘ஆயின்’, ‘அல்லது’ போன்ற சிறு சொற்களே. எந்த மொழியிலும் அவற்றை நின்று ஆராய அவளுக்கு நேரம் தரப்படவில்லை. யுபிஎஸ்ஆர் தேர்வை முன்னிறுத்திப் பயிற்சிநூல்களை அடுக்கடுக்காக முடித்த காலம் அது. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டும் பயிற்சிநூல்களின் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

தமிழாசிரியர் உன்னத்தக்கது ஒன்றுண்டு. அவள் தவறவிட்ட நுட்பம் தமிழ் இலக்கணத்தில் விதியாகவே அமைந்துள்ளது. உம்மைக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் கூறினார். அவற்றுள் முற்றும் ஒன்று, எண் ஒன்று. ‘எல்லா மரமும் பால் தரும்’ என்பதில் முற்றும்மை. ‘கபிலனும் பரணனும் வந்தனர்’ என்பதில் எண்ணும்மை. முற்றும்மை எதிர்மறையோடு வரும்போது ஒரோவழி எச்சப்பொருளும் தரும் என்று நன்னூலார் விதித்தார். ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். சிலர் வந்தனர், சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். தேர்வுத்தாளில் அம்மாணவி விழுந்த பள்ளம் இதுதான். இப்பள்ளத்தின் ஓரத்தில் நன்னூல் பல நூற்றாண்டுக்கு முன்பே விளக்கேற்றி வைத்திருந்தது. ஆனால் நன்னூல் விதியை இலக்கணத் தேர்வுக்கும், மறுப்புக் கூற்றைக் கணிதத் தேர்வுக்கும் ஒதுக்கிவிட்டபின் விளக்கு ஓரிடமும் பள்ளம் ஓரிடமும் ஆகிவிடுகின்றன.

இன்னும் சற்று நுணுகிப் பார்த்தல் தகும். முற்றுப்பொருளுக்கும் எண்ணுப்பொருளுக்கும் தமிழ் ஏன் ஒரே இடைச்சொல்லை வைத்தது? மூன்று மரமே உள்ள தோட்டத்தில் ‘எல்லா மரமும் பால் தரும்’ என்பது ‘முதல் மரமும் இரண்டாம் மரமும் மூன்றாம் மரமும் பால் தரும்’ என்பதேயாகும். முற்று என்பது நீட்டப்பெற்ற எண். தருக்க நூலாரும் இதனையே கூறுகின்றனர். அதுபோலவே ‘யாராவது’ என்பதிலும் ‘கபிலனாவது பரணனாவது’ என்பதிலும் ஆவது ஒன்றே. உம்மையால் இணைந்ததை மறுத்தால் ஆவதால் இணைந்தது பிறக்கும்: ‘கபிலனும் பரணனும் வந்தனர்’ என்பது பொய்யாயின், ‘கபிலனாவது பரணனாவது வரவில்லை’ என்பது மெய். கணித மாணவர் இதனை டி மோர்கன் விதி என்று மனப்பாடம் செய்கின்றனர். அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் பிறந்த ஊர் மதுரை என்பது பலர் அறியாத செய்தி. குழந்தைப் பருவத்திலேயே அவர் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆதலால் உம்மைத் தொடரை மதுரையில் கேட்டுக் கற்றார் என்று எவரும் மேடையில் முழங்காதிருப்பாராக.

‘ஆயின்’ என்னும் சொல் இதனினும் கடுமையானது. ஒருநாள் அம்மாணவி மெய்யட்டவணை ஒன்றை முன்வைத்து முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். முதற்கூற்று பொய்யாக இருக்கும்போது ‘ஆயின்’ தொடர் முழுவதும் மெய் என்று நூல் கூறியது. அது எங்ஙனம் பொருந்தும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. பாட்டி அருகில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தார்.

“பாட்டி, தோட்டத்துல மழை பேஞ்சா வெட்டு கிடையாதுன்னு சொல்லுவீங்களே, மழையே இல்லாத நாள்ல வெட்டு இல்லாம இருந்திருக்கா?”

“ஏம்மா இல்லாம? தீபாவளிக்கு ஏது வெட்டு?”

“அப்ப கங்காணி சொன்னது பொய்யா?”

“மழை பேஞ்சா இல்லைன்னுதானே அவரு சொன்னாரு. காஞ்ச நாளைப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியே.”

மெய்யட்டவணையின் நான்கு வரிசையும் அவ்விடையில் அடங்கிவிட்டன. மழை பெய்தும் வெட்டு நடந்த நாள் ஒன்றே கங்காணியைப் பொய்யராக்கும். ஏனைய மூன்று வகை நாளிலும் அவர் சொல் பழுதுபடாது. வெட்டு நடந்தது என்றால் மழை இல்லை என்று துணியலாம். வெட்டு நடக்கவில்லை என்பதனால் மழை என்று துணிய முடியாது. வகுப்பில் மாணவர் பெரும்பாலும் செய்யும் பிழை பின்னது. தீபாவளியை மறந்துவிடும் பிழை என்று அதற்குப் பெயரிடலாம்.

எண்ணும் முறைகளுக்கு வந்தால் தமிழ் வகுப்பே முன்னே நிற்கின்றது. உயிர் 12, மெய் 18. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு சேர்த்தால் உயிர்மெய் 216. இரு கணங்களின் பெருக்கம் என்று பல்கலைக்கழகம் கூறுவதனை முதலாம் ஆண்டுப் பிள்ளை நெடுங்கணக்கு அட்டவணையில் விரல் வைத்துப் படிக்கின்றது. ஆய்தத்தையும் கூட்டினால் 247.

யாப்பில் இன்னும் அழகாக அமைந்துள்ளது. அசை இரண்டே: நேர், நிரை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஆகச் சீர் 30. ஏன் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கின்றது? தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் நான்கின் இறுதியில் நேரசை சேர்ந்தால் காய்ச்சீர் நான்கு. நிரையசை சேர்ந்தால் கனிச்சீர் நான்கு. ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு சீருக்கும் இருவழி திறக்கின்றது, வேறு வழியில்லை, ஒரே சீர் இருவழியாலும் வருவதுமில்லை. ஆகவே எத்தனை அசைக்குச் சென்றாலும் ஓர் அசை கூடும்போது தொகை இரட்டிக்கும். முதற்படியில் 2 என்பது கண்கூடு. ஒருபடியில் மெய்யாயின் அடுத்த படியிலும் மெய் என்பது காட்டப்பட்டது. இத்துடன் மெய்ப்பு முடிந்தது. கணிதத் தொகுத்தறிதல் என்று மாணவர் அஞ்சும் முறை இதுவே. 1838இல் அதற்கு அப்பெயரிட்டு விளக்கியவரும் மதுரையிற் பிறந்த அதே டி மோர்கன்தான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம் என்று ஒரு பிள்ளையை வினவினால், சிறிது நேரத்தில் ஐந்து என்று விடை தரும். ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. இறுதி எழுத்துக் குறிலாயின் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைவு. நெடிலாயின் இரண்டு குறைவு. ஆதலால் ஒவ்வோர் எண்ணும் முன்னைய இரண்டின் கூட்டு. இத்தாலியரான பிபொனாச்சியின் பெயரால் வழங்கும் இத்தொடரை, அவர் 1202இல் நூல் எழுதுவதற்கு முன்பே இந்திய யாப்பு நூலார் மாத்திரை எண்ணும்போது கண்டிருந்தனர். அடிவகை 625 என்று தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு தொகை கூறுகின்றது. அஃது ஐந்தை நான்குமுறை பெருக்கிய எண். எங்ஙனம் அத்தொகை வந்தது என்பதில் உரையாசிரியர் ஒருமித்த கருத்தினர் அல்லர். மேல்வகுப்பு மாணவர்க்கு விட்டுவைக்கத் தக்க வினா அது.

ஆயினும் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்பது இவற்றால் பெறப்படாது. யாப்பிலக்கணம் சீர்களை எண்ணியது; பொதுமுறையை மெய்ப்பிக்க முனையவில்லை. மெய்ப்பு என்பது வேறு உழைப்பு. அவ்வுழைப்பைத் தமிழ்நிலத்தில் மேற்கொண்டோரும் உளர். சென்னைத் தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலத்தை ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரை கணினியியலில் எடுத்தாளப்படுகின்றது. மொழிக்கு இலக்கணம் உள்ளவாறே புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன கோலத்திற்கும் இலக்கணம் எழுதலாம். சில விதிகளைக் கொண்டு முடிவின்றிக் கோலங்களை ஈன்றெடுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். பொங்கலன்று லயத்து வாசலில் கையெடுக்காமல் சிக்குக்கோலம் இழுத்த பெண்கள், 1736இல் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றி ஆராய்ந்த வினாவின் மேல்தான் மாவை இழைத்துக் கொண்டிருந்தனர்.

கோட்டுரு என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். மலேசியாவில் 2020 முதல் நான்காம் படிவக் கணிதத்திலேயே கோட்டுரு இடம்பெற்றுள்ளது. இனிவரும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இதனை அறிமுகமின்றிச் சந்திக்கமாட்டார்கள். அம்மாணவிக்கோ அவ்வாய்ப்பு இருந்ததில்லை. ஒவ்வொரு புள்ளியையும் ஒரேமுறை தொட்டுத் தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் வழி எக்கோட்டுருவில் உண்டு என்னும் பாடம் வந்தபோது, அவள் மீண்டும் பாட்டியிடம் சென்றாள். இம்முறை காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டு சென்றாள்.

தோட்டத்தில் நிரை என்பது யாப்பு நிரையன்று. ஒருவர் வெட்டவேண்டிய மரவரிசை. நெரை என்பது மக்கள் வழக்கு. ஒருவருக்கு ஏறக்குறைய நானூறு, ஐந்நூறு மரம். விடியலில் வெட்டிக்கொண்டே செல்லவேண்டும். சில மணிநேரம் கழித்து வெட்டிய முறையிலேயே பாலெடுத்துத் திரும்பவேண்டும். வெட்டு முடியும் இடம் தொடங்கிய மரத்தருகே அமைந்தால் நடை மிச்சம்.

“ஒரு நெரையில போயி அடுத்த நெரையில திரும்பணும். நெரை ரெட்டையா இருந்தா ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடலாம். ஒத்தையா இருந்தா கடைசி நெரைய முடிச்சிட்டு வெறுங்கையோட திரும்பி நடக்கணும்மா.”

மாணவி அன்றிரவு அதனை மெய்ப்பிக்க முயன்றாள். புள்ளிகளைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றித் தீட்டினாள். பக்கத்து மரத்திற்குச் செல்லும் ஒவ்வோர் அடியும் நிறத்தை மாற்றும். தொடங்கிய மரத்திற்கே திரும்புவதானால் தொடங்கிய நிறத்திற்கே திரும்பவேண்டும், எனவே அடிகளின் தொகை இரட்டைப்படை, அத்தொகை மரத்தொகையேயாகும். ஐந்து நிரையும் நிரைக்கு ஐந்து மரமும் இருந்தால் மரம் 25. ஒற்றைப்படை. ஆகவே எப்படிச் சுற்றினும் வீண்நடையின்றித் திரும்ப இயலாது. இலட்சம் வழிகளை முயன்று பாராமலே இயலாது என்று துணிந்தாயிற்று. அவள் எழுதிய முதல் முழு மெய்ப்பு அதுவே.

ஆனால் அவள் வேறொன்றும் கண்டாள். நிரை ஒற்றைப்படையாக இருந்தாலும் நிரையிலுள்ள மரம் இரட்டைப்படையாயின் வழி உண்டு. மூன்று நிரை, நிரைக்கு நான்கு மரம் என்று வைத்து, நிரைக்கு நிரை குறுக்கே ஏறி இறங்கி, பன்னிரண்டு மரத்தையும் தொட்டு மீளும் வழியைக் காகிதத்தில் வரைந்து காட்டினாள். பாட்டியின் விதி முற்றும்மை ஏற்கத்தக்கதன்று என்பது அவள் முடிவு.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது பேப்பர்ல நடக்கும்மா. மேட்டுல நடக்காது. நெரைக்கு நெரை தாண்டணும்னா படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கிற மண்ணுல ஏறி ஏறி எறங்கணும். பால் வாளிய வச்சிக்கிட்டு யாரு ஏறுவா?”

அவ்விடை அடுத்த பாடத்தைத் திறந்துவிட்டது. கோடுகள் எல்லாம் ஒரே விலையின அல்ல. மேடேறும் கோட்டிற்கு மிகுந்த விலையும் சமதளக் கோட்டிற்குக் குறைந்த விலையும் இட்டால், எல்லா மரத்தையும் தொட்டு மீளும் மிகக் குறைந்த விலையுள்ள வழி எது? ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளரின் வினா என்று உலகம் இதனை அறியும். மரத்தொகை பெருகப் பெருக வழிகளின் தொகை கட்டுக்கடங்காமல் பெருகும். எல்லாத் தோட்டத்திற்கும் பொருந்தி விரைவாகவும் பிழையின்றியும் விடை தரும் முறை இன்றுவரை எவராலும் காணப்படவில்லை. அத்தகைய முறை இருக்கவே இயலாது என்றும் எவரும் மெய்ப்பிக்கவில்லை.

பருவ இறுதித் தேர்வில் அவள் உதவித்தொகைக்கு வேண்டிய புள்ளியைக் கடந்தாள். மிகுதியாக ஒன்றும் கடக்கவில்லை. விடுமுறையில் பாட்டியைக் கேட்டுக் கேட்டு, அவர் வெட்டிய மலைச்சரிவின் படத்தை ஒரு பெரிய தாளில் வரையத் தொடங்கினாள். பால் கொட்டகை இருந்த இடம், ஓடை குறுக்கிட்ட இடம், காய்ந்துபோன மரம், பாம்பு கண்ட மரம் எல்லாம் அதில் புள்ளியாயின. எந்தக் கோட்டிற்கு எவ்வளவு விலை என்று பாட்டியே சொன்னார். சில கோடுகளுக்கு மழைக்கு முன் ஒரு விலை, மழைக்குப் பின் ஒரு விலை.